அண்ணன் முகம் போட்ட ஓடு

"அண்ணனின் திருமுகம் பதியாத ஓர் இடம் இந்த வட்டத்தில் இருக்குமானால், அது வரலாற்றுக்கு இழைக்கப்படும் துரோகம்."

அவள் கணவர் இதைச் சொன்னபோது அவர் கையில் எரியும் மெழுகுவத்தி இருந்தது.

எதிரே ஒரு நண்டு, காலிச் சங்குகளில் குடியிருக்கும் வகை.

கண்ணாடித் தொட்டியின் ஈர மணலில், தன் பழைய ஓட்டுக்குள் உடம்பை முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தது. வாசலைப் பெரிய கொடுக்கால் அடைத்திருந்தது.

பக்கத்தில் இன்னோர் ஓடு. பெரியது, காலி. கட்சி நிறத்தில் எனாமல் பூசி, நடுவில் அண்ணன் முகம். சுவர் விளம்பரம் எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு வரைந்தது. சுவர் தட்டை, ஓடு சுருள். அண்ணனின் மூக்கு வளைவோடு வளைவாகக் காதுப் பக்கம் போயிருந்தது.

அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் என்றால் கட்சியின் மாவட்டச் செயலாளர். கொஞ்ச நேரத்தில் டீ குடிக்க வருகிறார். நண்டு இந்த ஓட்டுக்குக் குடிமாறினால், அவர் கண்ணெதிரே அவர் முகம் டீப்பாயின் மேல் நடந்து போகும். அண்ணன் உருகிவிடுவார். வட்டச் செயலாளரான கணவருக்குக் கவுன்சிலர் சீட்டு உறுதி.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நண்டுக்குத்தான் சம்மதமில்லை.

பார்க்காமல் ஒன்றும் ஒதுக்கவில்லை. வந்தது. கொடுக்கை உள்ளே விட்டு அளந்தது. உருட்டிப் பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பதுபோல எல்லாம் பார்த்தது. பெயிண்டை மீசையால் தொட்டதும் திரும்பிப் போய்விட்டது.

கணவர் மற்ற காலி ஓடுகளை அள்ளிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அப்போதும் போகவில்லை.

துறவி நண்டு என்று பெயர். பேருக்குத்தான். தொட்டியில் இதோடு மூன்று நண்டுகள்; மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் தூங்கும். காற்றில் ஈரம் இருந்தால்தான் மூச்சு விடும் என்று அவள் தொட்டிக்கு மூடி போட்டிருந்தாள். ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர். கணவர் இதை வேலையற்ற வேலை என்பார். அவர் வேலை பேனர் கட்டுவது.

மெழுகுவத்தி பெயிண்டரின் யோசனை. ஓட்டுக்குச் சூடு காட்டினால் நண்டு வெளியே வந்துவிடுமாம்.

வந்தால் வெந்துதான் வரும். இழுத்தாலோ இரண்டாகக் கிழியும். அதன் பின்னுடம்பு மெத்தென்றிருக்கும், ஓட்டின் சுருளைக் கொக்கிபோலப் பற்றியிருக்கும். கிழிந்தாலும் பிடியை விடாது.

அவள் குனிந்து மெழுகுவத்தியை ஊதினாள்.

அவர் மறுபடி ஏற்றினார்.

ஊதினாள்.

"ஏத்துங்க. வீட்ல எத்தனை வத்தி இருக்குன்னு பாத்துடலாம்."

"லூசாடி நீ? எனக்கு சீட்டு முக்கியமா, உனக்கு இந்த நண்டு முக்கியமா?"

"நண்டு."

தொட்டியை அப்படியே தூக்கினாள். அண்ணனுக்காக வெள்ளைத் துண்டு விரித்திருந்த சோபாவில், துண்டின் மேலேயே உட்கார்ந்தாள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரி. ஏய், எந்திரிடி."

தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. கார்க் கதவுகள் சாத்தப்பட்டன.

கணவர் மெழுகுவத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடக்காவிட்டால் போகிறது, முகமாவது இருக்கட்டும் என்று வெறும் ஓட்டை ஒரு தட்டில் வைத்து டீப்பாயில் வைத்தார்.

அண்ணன் வந்தார். கூடவே பத்துப் பேர்.

அவள் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். ஓட்டைக் கையில் எடுத்தார். திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"யாருப்பா இது? அப்பாவா?"

பத்துப் பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"ஆமாங்கண்ணே" என்றார் கணவர்.

"எப்பத் தவறுனாரு?"

"போன... போன வருஷம்ணே."

அண்ணன் ஓட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தன் முகத்தை இரு கையாலும் கும்பிட்டார். பத்துப் பேரும் கும்பிட்டார்கள். கணவரும் கும்பிட்டார்.

அவள் கும்பிடவில்லை. இரண்டு கையும் தொட்டியைப் பிடித்திருந்தன. உள்ளே, அடைத்திருந்த கொடுக்கு மெல்ல விலகியது. இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

"நினைவு நாளுக்குச் சொல்லி அனுப்புப்பா. நானே வந்து அப்பா படத்தைத் திறந்து வெக்கிறேன்."

மாமனார் சேலையூரில் நன்றாக இருக்கிறார்.