மூக்கு எங்கே, பாப்பா?

பள்ளியில் சேர்க்க வந்த இரண்டரை வயது வாண்டிடம் மிஸ் கேட்டார்.

"மூக்கு எங்கே, பாப்பா?"

வாண்டு சுற்றுமுற்றும் பார்த்தது. "இங்க இல்ல."

"காது?"

"அதுவும் இல்ல."

அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஒரு மாசமா அவங்க அப்பா தினமும் பாட்டுப் பாடிச் சொல்லித் தந்தார், மிஸ். வீட்டுல எல்லாத்தையும் டாண் டாண்ணு தொட்டுக் காட்டுவா!"

"சரி, தொப்பை எங்கடா செல்லம்?"

"ஆபீஸ் போயிருக்கு."

மிஸ் விண்ணப்பத்தை மூடிவைத்தார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். வாண்டு பாய்ந்து ஏறி அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"மூக்கு வந்துடுச்சு, மிஸ்!"

"என்னைத் தொட்டுக் காட்டித்தாம்மா பாடினேன்..." என்று அப்பா அசடு வழிந்தார்.

வாண்டு அவர் சட்டைமேல் பலமாக ஒரு தட்டுத் தட்டியது.

"தொப்பையும் வந்துடுச்சு!"