செப்டிக் டேங்க் ஸ்டார்

"அந்த டிவிய அணைடா! அவன் மூஞ்சியப் பாத்தாலே எரியுது!"ன்னு கத்துனான் வெண்டல்.

"தலைய ஆட்டாத. கத்தி என்னுது, காது உன்னுது"ன்னேன். என் சலூன்ல வாய் ஆடலாம், தலை ஆடக் கூடாது.

எங்க அலபாமாவுல சனிக்கிழமை ஃபுட்பால், ஞாயித்துக்கிழமை சர்ச்சு. கூட்டம் சனிக்கிழமைதான் ஜாஸ்தி. அப்படிப்பட்ட ஊருல காலேஜ் டீம் ஸ்டாரு ட்ரேவான், டிவி விளம்பரத்துல செப்டிக் டேங்க் லாரி மேல ஏறி நின்னு, "உங்க நாத்தம், எங்க பொறுப்பு!"ன்னு பல்லக் காட்டுறான்.

"ஆடுற பசங்க விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு என்னிக்கு விட்டானுங்களோ, அன்னிக்கே போச்சு"ன்னான் வெண்டல். "போன வருஷம் கார் கம்பெனிக்காரன் கூப்ட்டப்ப, 'நான் ஆட வந்தேன், விக்க வரல'ன்னு பீத்துனானே! இப்பப் பாரு, பீ லாரி! இத்தனைக்கும் ஸ்காலர்ஷிப்புல ஓசிப் படிப்பு, ஓசிச் சோறு."

"சரி, உன் பையன் கெல்லன் எப்படி ஆடுறான்?"

வெண்டலுக்குக் கொரல் எறங்கிடுச்சு.

"அதே டீமுதான். ஆனா ஸ்காலர்ஷிப் இல்லாம, கைக்காசுல ஃபீஸ் கட்டி ஆடுறான். ஸ்காலர்ஷிப் எடமெல்லாம் ரொம்பிடுச்சாம், எவனாவது போனாத்தான் இவனுக்காம். இனிமே என்னால ஃபீஸ் கட்ட முடியாதுடா. காலேஜ விட்டுட்டு என் டயர் கடைக்கு வந்துருன்னுட்டேன். அழுதுட்டான் பய."

அப்பத்தான் கதவ ஒடைக்கிற மாதிரி ஓடி வந்தான் கெல்லன்.

"அப்பா! எனக்கு ஸ்காலர்ஷிப் கெடச்சிருச்சுப்பா! கோச் எல்லார் முன்னாடியும் என் பேரச் சொன்னாரு. பசங்க என்னைத் தூக்கிட்டானுங்க!"

பாதி வெட்டுன தலையோட எந்திரிச்சு மகனக் கட்டிக்கிட்டான் வெண்டல். என் துண்டுலயே மூக்க வேற சிந்துனான்.

"பாத்தியாடா! காசுக்குப் பறக்காம ஆடுனா கடவுளே குடுப்பாரு. அந்த பீ லாரிக்காரன் உங்கிட்ட வந்து கத்துக்கணும்!"

நான் சும்மா இருப்பனா? "வரும்போது குளிச்சிட்டு வரச் சொல்லு"ன்னேன்.

கெல்லன் சிரிக்கல.

"அப்பா, அவன்தாம்ப்பா தன்னோட ஸ்காலர்ஷிப்ப வேணாம்னுட்டு எனக்குக் குடுக்கச் சொன்னான். இனி அவன் ஃபீஸ அவனே கட்டணும்... அதுக்குத்தான் அந்த லாரி மேல ஏறுனான்."