பார்த்தசாரதி தத்தெடுத்த ஓநாய்

"வளர்த்துட்டு நடுரோட்டில் விட்டவனைச் செருப்பாலேயே அடிக்கணும் சார்!" எதிராஜ் கொதித்தார்.

"அடிச்சா மட்டும் போதுமா? பிடிச்சு உள்ளே தள்ளணும்!" பார்த்தசாரதியின் குரல் அவரையும் தாண்டி ஒலித்தது.

பார்த்தசாரதி ஆவடி ஃபாக்டரியில் ஃபோர்மேன். பக்கத்தில் கோவில்பதாகை என்ற ஊரைத் தாண்டி ஒரு விலங்குக் காப்பகம். சர்க்கஸிலிருந்து மீட்ட ஓநாய்களெல்லாம் அங்கே உண்டு. தீனிச் செலவை ஏற்றுக்கொண்டால் வேலியில் நம் பெயரைப் போட்டுப் பலகை மாட்டுவார்கள். அவர் போய்க் கேட்பதற்குள் ஓநாய்களைப் பெரிய மனிதர்கள் மடக்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு ஓநாய்க் கலப்பு நாய்தான். பேரில் ஓநாய் இருக்கிறதே, போதாதா? பார்க்காமலேயே ஒப்புக்கொண்டு, குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

இன்று லீவு போட்டு, புதிதாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த எதிராஜையும் அவர் மனைவி தாட்சாயிணியையும் கூட்டி வந்திருந்தார், பலகையைக் காட்ட.

"சேக்காடு ரோட்டாண்ட சுருண்டு கெடந்துச்சு சார்" என்றான் காப்பகத்து வேம்புலி. "கால்லாம் புண்ணு. கழுத்துல பெல்ட்டு தடம். யாரையும் கிட்ட சேக்காது. ஊளை வேற. ஓநாய் ரத்தம்தான்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"உங்க நாய் ஓடிப்போன துக்கத்துக்கு இது ஒரு ஆறுதல் சார்" என்றாள் தாட்சாயிணி. "உங்க வீட்டுல வனஜா அக்கா இன்னும் சொல்லிச் சொல்லி அழறாங்க."

பார்த்தசாரதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தள்ளி நில்லுங்க சார், கடிச்சிரும்" என்றான் வேம்புலி.

வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. காற்றை மோந்தது. அடுத்த நொடி, முனகிக்கொண்டே பாய்ந்து வந்து கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து, பார்த்தசாரதியின் விரல்களை நக்கு நக்கென்று நக்கியது.

இடது காது நுனி பிளந்திருந்தது.

அவருடைய நாய், சீசர்!

மாடி குவார்ட்டர்ஸுக்கு மாறும்போது இடைஞ்சல் என்று, லாரியில் ஏற்றித் திருவள்ளூருக்கு அப்பால் இறக்கிவிட்டு வந்தது அவரேதான். வீட்டில் சொன்னது 'ஓடிப்போச்சு' என்ற ஒரே பொய். அத்தனை தூரமும் அது திரும்பி நடந்திருக்கிறது.

"சோறு போடற கையை எப்படிக் கண்டுபிடிச்சது பாருங்க!" எதிராஜ் வியந்தார்.

"முன்னாடியே தெரிமா சார் உங்கள?" வேம்புலி கேட்டான்.

"சேச்சே! இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

சொன்ன வாய் கூசியது. கையை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நீட்டிக்கொண்டு நிற்கவோ வெட்கம் பிடுங்கித் தின்றது. நாய் அவர் காலோரமாக வேலியில் உடம்பை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

தூரத்தில், ஷிப்ட் முடிந்ததற்கு ஃபாக்டரி சங்கு ஊதியது.

வேம்புலி நாயையே பார்த்தான்.

"அதிசயமா கீது சார்! தெனம் இந்தச் சங்கு ஊதுனா ரோட்டுப் பக்கத்து வேலியாண்ட ஓடிப்போய் நின்னுக்கும். சைக்கிள்ல ஊட்டுக்குப் போறவங்க மூஞ்சிய ஒண்ணொண்ணா பாக்கும். கடைசி சைக்கிளு போன பெறவுதான் ஊளையே வுடும். இன்னிக்கு ஏந்திரிக்கக்கூட இல்லியே!"