கழற்றிய கண்ணாடி

கையைத் தூக்கச் சொன்னார் அதிகாரி.

ஏலக்காய் வியாபாரிகள் நிறைந்த கூடத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. சரக்கு வேண்டும் என்று முதலில் காட்டிக்கொள்கிறவன் தலையில்தான் விலை ஏறும்.

யாரும் அசையவில்லை.

விவசாயிகளும் வியாபாரிகளும் சேர்ந்த புதுக் குழு. தோட்டக்காரர்களுக்கு ஓர் இடம். ஒரு தோட்டக்காரர் பெயர் சொல்ல வேண்டும், ஒரு வியாபாரி வழிமொழிய வேண்டும். ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த அவள் பெயரை, பக்கத்துத் தோட்டத்து இன்னாசி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எந்த வியாபாரி வழிமொழிவான்?

குழுவுக்குள் போனால் அவள் முதலில் கேட்கப்போவது என்ன என்று போடி ஊருக்கே தெரியும். ஏலத்தில் பார்ப்பதற்காகத் தட்டில் கொட்டும் மாதிரிக் காய் தோட்டக்காரருக்குத் திரும்பி வரவேண்டும். இன்றுவரை வந்ததில்லை. கொஞ்சம் வாய்க்கு, கொஞ்சம் தரைக்கு, மீதி வியாபாரிகளின் சட்டைப் பைக்கு.

அவள் எதிர்வரிசையைப் பார்த்தாள்.

இதே கூடம்தான். ஏலம் கேட்கப் பொத்தான் அமுக்கும் பெட்டிகள் வருவதற்கு முன்னால் என்ன கலகலப்பு. காலடியில் காய் நொறுங்கும். வீட்டுக்குப் போய்த் துவைத்தாலும் சேலையை விட்டு வாசம் போகாது.

வாயைத் திறந்து விலை கேட்டவர்கள் கத்துக்குட்டிகள். பெரிய கைகள் கேட்பது வெளியே தெரியாது. ஒருவர் காதைத் தடவுவார். ஒருவர் பேனா மூடியைத் திருகுவார். ஜலதோஷம் பிடித்த ஒருவர் மூக்கைச் சொறிந்து, வேண்டாத மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எதிர்வரிசையில் இருக்கும் சோலையப்பன் கண்ணாடியைக் கழற்றுவார்.

கழற்றினால் கேட்கிறார். மாட்டினால் விலகிவிட்டார்.

அவளுடைய காய் தட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் மூச்சு அந்த இரண்டு சில்லில்தான் தொங்கும். ஒரு வருஷம் அவர் அதை மாட்டவேயில்லை. அந்தத் தையில்தான் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள்.

"வழிமொழிய ஆள் இல்லன்னா பேரை எடுத்துரலாமா?" என்றார் அதிகாரி.

சோலையப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

அதிகாரிக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. சின்ன வயசு, சென்னைக்காரர்.

கடைசி பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பழைய ஏலக்காரர் பிச்சைமணி தொண்டையைச் செருமினார்.

"ஒரு தரம்."

"என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்ல தம்பி. சோலையப்பன் கேட்டுட்டாரு. ரெண்டு தரம்."

கூடம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

பக்கத்து வியாபாரி சோலையப்பனின் முழங்கையை இடித்தார். "மாட்டுங்க மாமா. அந்தம்மா உள்ள வந்தா நம்ம பையைத்தான் மொதல்ல தடவும்."

கண்ணாடி அவர் கையிலேயே இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு பார்த்த மாதிரியே.

அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். பையில் இடமில்லை.

உள்ளே கையை விட்டார். காலை ஏலத்துக் காய், ஒரு பிடி. மேசைமேல் வைத்தார். உருண்டு ஓடிய ஒன்றையும் எட்டிப் பிடித்து அதோடு சேர்த்தார்.

கண்ணாடி உள்ளே போயிற்று.