தொட்டுப் பார்க்கலாமா?

மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவி அவள், வரிசையில் தன் முறைக்காக நின்றாள்.

கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். நடுவில் பேச்சியம்மா, முந்தானை விலக்கிய வயிற்றோடு.

மறைப்புத் திரை சுவரோரம் மடங்கிக் கிடந்தது. அதை இழுத்துவிட ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே. ம்ஹூம்.

வீங்கிப்போன மண்ணீரல். நல்ல கேஸ் என்று காலையிலிருந்து பேச்சு. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கத் தோதான வயிறாம். இதில் தவறினால் இரண்டாமாண்டு கிடையாது.

ஒவ்வொருத்தராக வந்து ஒப்பித்தார்கள். வணக்கம்மா, வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா? பதிலுக்கு யார் காத்திருந்தார்கள்? கேட்டு முடிக்குமுன்னே விரல்கள் விலா எலும்புக்கடியில் இறங்கிவிட்டன.

அவளுக்கு முன்னால் போனவன் அமுக்கி முடித்ததும் விரல்களைப் போர்வையில் துடைத்தான். அந்த அம்மாவின் போர்வையில்.

சீ!

போன வாரம் ரப்பர் பொம்மையை வைத்துப் பயிற்சி. அதனிடமும் அனுமதி கேட்க வேண்டும். சில்லென்ற கையை வைக்காமல் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். யாரோ களுக்கென்று சிரித்ததற்கு, இப்போது கட்டிலருகே தாளோடு நிற்கும் இதே பேராசிரியர் எகிறிக் குதித்தார். பொம்மையானாலும் மரியாதை வேண்டாமா என்றார். முடிந்ததும் அவரே அதற்குத் துணி போர்த்திவிட்டார்.

அதைப் பார்த்து இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று வீட்டுக்குப் போன் போட்டு வேறு சொன்னாள். அசடு.

அவள் முறை.

குனிந்தாள். பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அந்த அம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. பேராசிரியரை ஒரு பார்வை, இவளை ஒரு பார்வை.

"வேணாம் தாயி. ரொம்ப வலிக்குது."

அப்பாடா, வாய் திறந்து சொல்லிவிட்டார். இவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முந்தானையை இழுத்து அந்த வயிற்றை மூடினாள்.

பேராசிரியர் மதிப்பெண் தாளிலிருந்து நிமிரவே இல்லை.

"கேட்டதுக்கு மார்க் போட்டாச்சு. ம், கையை வை."

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

இரண்டாமாண்டு.

பேச்சியம்மா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையைத் தானே விலக்கிக் கொடுத்தார்.

தூ, நானெல்லாம் ஒரு ஆளா என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கினாள்.

அதற்கும் ஒரு மார்க் உண்டு.