எட்டா, பத்தா?

"பருந்துன்னா எனக்கு உயிரு தம்பி. நல்ல பைனாகுலரா எடுத்துக் காட்டு" என்றார் விஜயரட்ணம்.

கேமரா கடை சுகுமாரன் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "இது எட்டு மடங்கு, அது பத்து மடங்கு அங்கிள். பறக்கிறதப் பிடிக்க எட்டுதான் ஈஸி லா. பத்துல பெருசா தெரியும், ஆனா கை கொஞ்சம் ஆடினாலும் படம் ஆடும். தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பருந்து போயிரும்."

"போகட்டும். முப்பது மீட்டர் தூரத்துல ஒரு முகம் எதுல நல்லா தெரியும்?"

"பருந்தோட முகமா அங்கிள்?"

விஜயரட்ணம் இருமிச் சமாளித்தார். பருந்துக்கும் காகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். மகன் பிரஷாந்த், கட்டினால் இவளைத்தான் என்று காட்டிய படத்தில் ஒரு சிவப்புத் தொப்பி இருந்தது, இரண்டு கைகள் இருந்தன, நடுவில் பெரிய பைனாகுலர் இருந்தது. பெண்ணின் முகம் மட்டும் இல்லை.

பெயர் ராகினி. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் பருந்துகளை, சனிக்கிழமைதோறும் தஞ்சோங் துவான் குன்றில் நின்று இருவரும் எண்ணுகிறார்களாம். "பாக்க வந்திருக்கினம் எண்டு தெரிஞ்சால் எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். தெரியாமல் பாருங்கோ" என்று மனைவி அன்னபாக்கியம் உத்தரவு போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே மகன். முடியாது என்று சொல்லவும் மனமில்லை, முகம் பார்க்காமல் சரி என்று சொல்லவும் மனமில்லை.

கடை வாசலில் இன்னொரு வாடிக்கையாளர் வேறொரு பத்து மடங்கு பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். பச்சைத் தொப்பி, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை. எதிர்ப்புறக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்தார். வானத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

பெரிய அனுபவசாலிகள் இப்படித்தான் சோதிப்பார்கள் போலும் என்று, விஜயரட்ணமும் மேசைமேல் இருந்த பத்தை எடுத்துக்கொண்டு பயபக்தியோடு பக்கத்தில் போய் நின்று அதையே செய்தார்.

"பத்துல அந்த ஆளு மீசைல ஒட்டியிருக்கிற நுரைகூடத் தெரியுது" என்றார்.

"அதான் சார் வேணும். நான் காளிதாஸ், குருபோங்ல இருக்கேன். நீங்க பருந்து பாக்க எங்க போறீங்க?"

"தஞ்சோங் துவான். இந்தச் சனிக்கிழமை."

"நானும் அங்கதான்."

மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தார் விஜயரட்ணம். இந்த நிபுணர் கூடவே நின்று, அது என்ன பருந்து இது என்ன பருந்து என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் வருஷா வருஷம் போறவன். அங்க எண்ணுற பிள்ளைங்க எல்லாம் நமக்கு நல்ல பழக்கம்."

காளிதாஸின் முகம் மலர்ந்தது. சுகுமாரன் பில் போட உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப ஒரு உதவி சார். உண்மையைச் சொன்னா எனக்குப் பருந்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. அங்க பிரஷாந்த்னு ஒரு பையன் எண்ணுறானாம். அவன் எப்படிப்பட்டவன்னு தூரமா நின்னு பாக்கணும். யாரு அவன்னு மட்டும் காட்டிடுங்க. வீட்டுல காட்டுன போட்டோவுல பைனாகுலர்தான் தெரியுது, மூஞ்சி தெரியல."

விஜயரட்ணம் கையிலிருந்த பைனாகுலரை மெதுவாகக் கீழே இறக்கினார். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"சிவப்புத் தொப்பி உங்க பொண்ணா?"