கழுகுக்குக் கைதட்டியவர்கள்

முதலில் கையைத் தூக்கியவர் வெங்கிடாசலம்தான்.

"செத்த பிராணிகளை ஏற்றும் வண்டியை இந்தப் பகுதியில் எங்கும் நிறுத்தக் கூடாது. ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேசவ் வாசித்து முடிக்கவில்லை. அதற்குள் அவர் கை மேலே போய்விட்டது.

கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்த மாடத்திக்கு நெஞ்சு எரிந்தது. வேறு யார் தூக்கியிருந்தாலும் விட்டிருப்பாள். இந்த மனுஷனா?

பத்து நிமிஷம் முன்புவரை இதே ஹாலில் திரை கட்டிப் படம் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். வயநாட்டுக் காட்டில் அவரே எடுத்த படங்கள். செத்த காட்டெருமையைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள்.

"பார்க்க லட்சணமா இல்லைதான். ஆனா காட்டைச் சுத்தமா வெச்சிருக்கறது இதுகளாக்கும். நோய் பிடிச்சுச் செத்த மாமிசம்கூட இது வயித்துக்குள்ள போனா கிருமி செத்துப்போகும். மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, செத்த மாட்டு வழியா இதுகளைக் கொன்னுடுத்து. கழுகு போச்சு, பிணம் கிடந்து அழுகித்து, தெருநாய் பெருகித்து. அப்புறம்தான் நமக்கு இதோட அருமையே தெரிஞ்சுது."

ஹால் முழுக்கக் கைதட்டல். மாடத்தியும் தட்டினாள். நம்ம வேலை பார்க்கிற பறவை என்று நினைத்துக்கொண்டாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாய், பூனை, மாடு எது செத்துக் கிடந்தாலும் ஒப்பந்தக்காரர் கூப்பிடுவது அவளைத்தான். அரை மணி நேரத்தில் அவளுடைய சரக்கு ஆட்டோ அங்கே போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால்தான் வண்டியை வாடகை வீட்டுக்கு முன்னால் தெருவிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். பள்ளுருத்தி வரை வேறு இடம் தேடிப் பார்த்தாயிற்று. வண்டியில் என்ன ஏற்றுவாய் என்று கேட்பார்கள், சொன்னதும் கதவைச் சாத்துவார்கள்.

"ஏன் சார்" என்று சுவரை விட்டு முன்னால் வந்தாள். "றெக்கை வச்சு வந்தா கைதட்டுதீய. சக்கரம் வச்சு வந்தா வெரட்டுதீயளோ?"

யாரோ சிரித்தார்கள். கேசவ் சிரிக்கவில்லை.

"சேச்சி, அது காடு. இது குடும்பங்கள் இருக்கற இடம். நாத்தம் சகிக்க முடியலை."

"தெனமும் பினாயில் ஊத்திக் கழுவுதேன். என்னைக்காவது பக்கத்துல வந்து மோந்து பாத்தீயளா? போன மாசம் ஒங்க மாடிப்படிக்குக் கீழ பெருச்சாளி செத்துக் கெடந்துச்சே. அப்ப மட்டும் 'மாடத்தி, ஓடி வா'ன்னு போன் பண்ணுனீய?"

கேசவ் தொண்டையைச் செருமினார். "அது வேற விஷயமாக்கும்."

இப்போது வெங்கிடாசலம் எழுந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுதிக் களைத்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவர் வாசகத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"கேசவ், எழுதறதை ஒழுங்கா எழுதும். 'இந்தப் பகுதியில் எங்கும்'னா நாளைக்கு யாராவது கேஸ் போட்டா நிக்காது. 'தெருவில்'னு தெளிவா போடும். இந்த விஷயத்தை ஒரு வருஷத்துக்கு யாரும் மறுபடி எடுக்கக் கூடாதுன்னும் சேர்த்துடும்."

"கலக்கிட்டீங்க சாரே!" கேசவ் அடித்துத் திருத்தி எழுதினார். நோட்டு கைமாறிப் போனது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாடத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு வருசம் நான் வாயத் தொறக்கக் கூடாதோ? தொறப்பேன். இந்தா, இப்பவே தொறக்கேன். புழு வச்ச மாட்டத் தூக்கையிலகூட எனக்குக் கொமட்டுனதில்ல. இன்னைக்குத்தான் கொமட்டுது."

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

கேசவ் வண்டி நின்ற இடம் வரை பின்னாலேயே வந்தார். "சேச்சி, இன்னைக்கே எடுத்துட்டா நல்லது."

"இன்னைக்கு என்ன, இப்பவே எடுக்கேன். தள்ளி நில்லுங்க, நாத்தம் ஒட்டிக்கிடும்."

அவர்களைத் தாண்டி வெங்கிடாசலம் வேகமாக நடந்து, அவள் வீட்டுக்கு எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போனார். அவள் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை.

மாடத்தி வண்டியைக் கிளப்பினாள். எங்கே போவது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதைக் கேசவுக்குக் காட்டிக்கொள்ளவும் மனமில்லை. பத்தடி நகர்ந்திருப்பாள். பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். வெங்கிடாசலத்தின் வெள்ளைக் கார் பின்னோக்கி வந்து, இவ்வளவு நாள் அவள் வண்டி நின்ற அதே இடத்தில் சரியாக நின்றது.

மாடத்தி வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினாள்.

"நல்லா இருக்கு சார்! என் வண்டி போன சூடுகூட ஆறல, அதுக்குள்ள எடத்தப் புடிச்சாச்சு. இதுக்குத்தான் அம்புட்டு அவசரமோ?"

கேசவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாரே, சேச்சி போனப்புறம் செஞ்சிருக்கலாமே…"

வெங்கிடாசலம் காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டை இன்னும் அகலமாகத் திறந்து, காலியாகிவிட்ட தன் முற்றத்தைக் காட்டினார்.

"தீர்மானம் தெருவுக்குத்தான், கேசவ், என் முற்றத்துக்கு இல்லை. உள்ளே கொண்டுவந்து விடும்மா மாடத்தி, வண்டி கழுவக் குழாயும் அங்கேயே இருக்கு."